மூலாதாரத்தில் நிற்பவர்கள்

என் ஆபீஸ் அடையாள அட்டையின் பின்பக்கம் ஒரு நீல வட்ட ஸ்டிக்கர் இருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. அதைக் கிழித்துப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பசை மட்டும் போகவில்லை. அதில் பஞ்சுத் தூசி ஒட்டி ஒட்டி இப்போது அந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது.

நான் அவிநாசிக்காரன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பையருக்கு மெயில் போடுவது, சாம்பிளைத் துரத்துவது, ஷிப்மெண்ட் தேதியை நினைத்துப் பயப்படுவது, இதுதான் தினசரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. ஆபீஸ் ஸ்டாஃப், சூப்பர்வைசர்கள், செக்ஷனுக்கு இரண்டு மூன்று பேர் என்று நாற்பது பேருக்கு இரண்டு நாள் வகுப்பு. நம் உடம்பில் ஏழு சக்தி மையங்கள் இருக்கின்றன, அதில் எது ஓங்கி நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆளுமை என்பது வகுப்பின் சாரம். ஐம்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் கொடுத்தார்கள். 'மாதக் கடைசியில் பணத்தைப் பற்றி அடிக்கடி நினைப்பீர்களா?', 'கூட்டத்தில் உங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்வீர்களா?' இப்படி. மார்க்கைக் கூட்டி ஆளுக்கொரு நிறத்தில் ஸ்டிக்கர் கொடுத்தார்கள்.

சிவப்பு மூலாதாரம்: பயம், பிழைப்பு, பணம். ஆரஞ்சு சுவாதிஷ்டானம்: ஆசை, உறவு. மஞ்சள் மணிபூரகம்: அதிகாரம், கோபம். பச்சை அனாகதம்: அன்பு. நீலம் விசுத்தி: பேச்சு, உண்மை. கருநீலம் ஆக்ஞை: தெளிவு, தொலைநோக்கு. ஊதா சகஸ்ராரம்: ஞானம். ஊதா எங்களில் யாருக்கும் வரவில்லை. முதலாளிக்கு மட்டும் வந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

எனக்கு நீலம். 'உண்மையைப் பேசத் தயங்காதவர், மற்றவர் குரலையும் எடுத்துச் சொல்பவர்' என்று தாளில் எழுதியிருந்தது. மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை மறைக்க விரும்பவில்லை. அட, என்னை யாரோ சரியாகப் பார்த்துவிட்டார்களே என்று இருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அந்தத் தாளை இரண்டு தடவை எடுத்துப் படித்தேன்.

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு கொடுத்தார். இது உங்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே பத்தி. ஜோசியப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்துத் தொகுத்த வாக்கியங்கள். இந்தச் சோதனையைப் பற்றி எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துமே குளிர்ந்தேன். நம்மைப் புகழும் வாக்கியத்தை நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. வகுப்பிலிருந்த நீலக்காரர்கள் யாரும் கணக்கில் தப்பு இருக்கிறது என்று எழுந்து நிற்கவில்லை.

அதற்காக அந்த வகுப்பு முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் முப்பது வருஷமாகப் பேசாத ஒன்றை அன்றைக்குப் பேசினார். 'எனக்கு மணிபூரகம் கெட்டுப்போச்சுங்க. வீட்ல கைநீட்டிப் போடறேன்' என்றார். நம் ஊரில் ஓர் ஆம்பளை நாற்பது பேர் நடுவில் இதைச் சொல்வது சாதாரணம் இல்லை. 'நான் கெட்டவன்' என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. 'எனக்குள்ளே ஒரு இடம் கெட்டிருக்குது' என்று சொல்ல முடிந்தது. ஒரு சொல் மனிதனுக்கு இந்த அளவுக்கு வழிவிடும் என்றால் அதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் ஒதுக்க எனக்கு மனமில்லை. என் கேள்வி வேறு. அதே சொல்லை அடுத்தவர்மேல் வைக்கும்போது என்ன நடக்கிறது?

*

செக்கிங் செக்ஷனில் ஓர் அக்கா இருந்தார். கைமடியாக வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம். பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பினால் போதும், தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எல்லாம் கண்ணில் பட்டுவிடும். ஆனால் அவர் பெயர் எடுத்தது வேறு விஷயத்துக்கு. சனிக்கிழமை சம்பளம் போடும்போது கால் ஷிப்ட் குறைந்தாலும் விட மாட்டார். சின்ன டைரி ஒன்று வைத்திருந்தார். தன் கணக்கு, செக்ஷனில் இருக்கும் மற்ற பெண்களின் கணக்கு, யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள், யாருக்கு எத்தனை ஓவர்டைம் எல்லாம் அதில் இருக்கும். 'வந்துட்டாங்கப்பா ஆடிட்டர்' என்று கிண்டல் செய்வோம்.

அவருக்குச் சிவப்பு வந்தது. பணம் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருந்தார். போடாமல் என்ன செய்வார்? புருஷன் இல்லை, வாடகை வீடு, படிக்கிற பெண் ஒன்று. அன்று என்னிடம் வந்து, 'ஏந்தம்பி, செவப்புன்னா என்னுங்க?' என்று கேட்டார். 'அஸ்திவாரம்ங்க்கா, நெம்ப முக்கியமானது' என்று சொன்னேன். என் தாளில் எழுதியிருந்த 'உண்மையைப் பேசத் தயங்காதவர்' நான்தான்.

ஆறு மாதம் கழித்து ஃபினிஷிங் பகுதிக்கு ஃப்ளோர் இன்சார்ஜ் வேண்டியிருந்தது. மூன்று பேர் உட்கார்ந்து பேசினோம். அனுபவத்தில் அந்த அக்காதான் முன்னால் இருந்தார். இன்னொருவர் வந்து நாலு வருஷம், கருநீல ஸ்டிக்கர். அப்போது நான் சொன்ன வாக்கியம் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. 'அக்கா நல்ல ஆளுதான். ஆனா அவங்க இன்னும் மூலாதாரத்துலயேதான நிக்கறாங்க, எதுக்கெடுத்தாலும் காசுக் கணக்கு. இன்சார்ஜ்னா கொஞ்சம் மேல இருந்து பாக்கற ஆளு வேணும்.' மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அந்த வாக்கியத்தை ஸ்டிக்கர் இல்லாமல் சொல்லியிருக்க முடியுமா என்று பின்னால் பல நாள் யோசித்தேன். 'அந்தம்மா ஏழை, அதனால வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. மூலாதாரம் என்ற சொல் அதே விஷயத்தைக் கூச்சமில்லாமல் சொல்ல எனக்கு உதவியது. கேட்பதற்குக் கருணையாகக்கூட இருந்தது.

*

குற்றவுணர்ச்சி வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் புத்தகத்துக்குள் போனேன். எங்கிருந்து வந்தது இந்த ஏழு நிறம்?

தமிழில் இவற்றுக்குப் பழைய பெயர் ஆதாரம். திருமந்திரம் பேசுவது ஆறு ஆதாரங்களை. ஆதாரம் என்றால் தாங்குவது. இன்று ஆதார் என்றால் நாம் யார் என்று நிரூபிக்கும் அட்டை. ஒரு சொல் தாங்குவதிலிருந்து அடையாளம் காட்டுவதற்கு நகர்ந்துவிட்டது. என் கட்டுரையின் விஷயமும் ஏறக்குறைய இதுதான்.

எண்ணிக்கையில்கூட எல்லோரும் ஒத்துப்போனதில்லை. பௌத்தர்களின் ஹேவஜ்ர தந்திரத்தில் நான்கு, நாத மரபு நூல்கள் சிலவற்றில் ஒன்பது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் 'ஆறும் அதற்கு மேல் ஒன்றும்' என்ற கணக்குக்கு முக்கியமான வழி வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய 'ஷட்சக்ர நிரூபணம்'. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் அதை மொழிபெயர்த்து விளக்கி 1919இல் வெளியிட்டார். மேற்கு உலகம் சக்கரங்களைத் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்தப் புத்தகம் வழியாக. 1927இல் நம் சென்னை அடையாற்றிலிருந்து பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் இன்னொரு புத்தகம் கொண்டுவந்தார். 1932இல் சூரிச் நகரத்தில் கார்ல் யுங் குண்டலினி பற்றிக் கருத்தரங்கம் நடத்திச் சக்கரங்களை மனத்தின் படிநிலைகளாக வாசித்தார். 1970களில் கலிஃபோர்னியாவிலிருந்த கிறிஸ்டோபர் ஹில்ஸ் என்ற ஆங்கிலேயர் ஏழு மையங்களை வானவில்லின் ஏழு நிறங்களோடும் ஏழு ஆளுமை வகைகளோடும் இணைத்தார். அங்கிருந்து போஸ்டர், ஸ்படிகக் கல், ஆப், கேள்வித்தாள் என்று சுற்றி, கடைசியில் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஸ்டிக்கராக வந்து சேர்ந்தது.

பூர்ணானந்தர் நூலில் நிறங்களே வேறு. மூலாதாரத்தின் நடுவில் இருக்கும் நிலச் சதுரம் மஞ்சள். மணிபூரகத்தின் நெருப்பு முக்கோணம் சிவப்பு. வானவில்லில் ஏற்றியபோது இரண்டும் இடம் மாறிவிட்டன. பழைய நூலை மட்டும் வைத்து ஸ்டிக்கர் அடித்திருந்தால் அக்காவின் அட்டையில் மஞ்சள் இருந்திருக்கும். இந்த நிறத்தை வைத்து ஒரு மனுஷியின் வேலையை நாங்கள் தீர்மானித்திருக்கிறோம்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு திமிர் வந்தது. 'இதெல்லாம் வெள்ளைக்காரன் கலந்த சரக்கு, ஒரிஜினல் சுத்தம்' என்று எழுதிவிடலாம் போல இருந்தது. அதுவும் உண்மையில்லை. ஆதாரங்களையும் குணத்தையும் இணைத்தது ஹில்ஸ் மட்டுமில்லை, நம்மவர்களும் செய்திருக்கிறார்கள். ஹம்ச உபநிஷத்தில் இதயத்தில் எட்டு இதழ்த் தாமரை ஒன்று வருகிறது. கிழக்கு இதழில் நிற்கும்போது நல்ல எண்ணம். தென்கிழக்கில் தூக்கமும் சோம்பலும். தெற்கில் கொடூரம். மேற்கில் விளையாட்டு. வடமேற்கில் எங்காவது கிளம்பிப் போக வேண்டும் என்ற நினைப்பு. நடுவில் வந்தால் பற்றின்மை. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகரம்' இசை நூல்தான், ஆனால் அதிலும் உடம்பு உண்டான கதையும் சக்கரங்களும் வருகின்றன. இதயத் தாமரையின் சில இதழ்களில் உயிர் நிற்கும்போது பாட்டு கைகூடும், சில இதழ்களில் நிற்கும்போது கெடும் என்கிறார்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இந்த இரண்டு நூல்களிலும் உயிர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் கிழக்கில், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தென்கிழக்கில், டிராபிக்கில் மாட்டினால் தெற்கில். பாடகன் என்று தனியாக ஓர் ஆள் இல்லை, பாட்டு வரும் இதழும் வராத இதழும் இருக்கின்றன. ஒரே ஆள் ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றி வருகிறான். இதழ் என்பது பஸ் நிற்கும் இடம் மாதிரி. நாங்கள் அதை வீட்டு விலாசமாக்கி, ஆதார் அட்டைபோல் லேமினேட் செய்து, கழுத்தில் தொங்கவிட்டோம்.

*

கொங்கு நாட்டில் இந்தச் சொற்களைக் கேட்காமல் வளர முடியாது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 1999இல் பிரதிஷ்டை செய்த தியானலிங்கத்தில் ஏழு சக்கரங்களும் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதற்கும் முந்தியது 'வாழ்க வளமுடன்'. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை அமைத்தார். 2006இல் மறைந்தார். எங்கள் பக்கம் மனவளக்கலை மன்றம் இல்லாத ஊர் குறைவு.

என் பெரியப்பா அந்த மன்றத்துக்குப் போனவர். தறிக்குடோன் வைத்திருந்த காலத்தில் அவர் கோபம் தெருவுக்கே தெரியும். தட்டு பறக்கும். வயசான பிறகு யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அகத்தாய்வு என்று ஒன்று உண்டு. தன் ஆசைகளை, கோபங்களை, கவலைகளை நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். பேராசை, சினம், கடும்பற்று, முறையற்ற பால்கவர்ச்சி, உயர்வு தாழ்வு மனப்பான்மை, வஞ்சம் என்று ஆறு குணங்களை அவர்கள் சொல்வார்கள். அவை மாற்ற வேண்டிய குணங்கள். சினம் பொறுமையாக, வஞ்சம் மன்னிப்பாக. இந்தக் கணக்கில் ஆறு குணமும் எல்லோருக்கும் உண்டு. 'நீ சினக்காரன், நீ வஞ்சக்காரன்' என்று ஆள் பிரிக்கும் வேலை அதில் இல்லை.

பெரியப்பாவின் நோட்டில் யார்மேல் கோபம், எதற்காக, எத்தனை நாளாக என்று கட்டம் கட்டி எழுதியிருக்கும். என் அப்பா பெயர் அதில் நாலு இடத்தில் இருந்தது. கோபம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பெரியம்மாவிடம் கேட்டால், 'தட்டு பறக்கறது நின்னுபோச்சு, சத்தம் நிக்கல' என்பார்.

ஸ்டிக்கர் வாங்கிய வாரமே அவரிடம் போய், 'பெரியப்பா, என்னப் பாத்தா எந்தச் சக்கரம்னு தோணுது?' என்று கேட்டேன். நீலம் என்று சொல்வார் என்ற ஆசைதான். அவர் சிரித்தார்.

'எனக்கெப்பிடிறா சாமி தெரியும்? என்ர நோட்டுல என்ர கணக்குத்தான இருக்குது.'

அவர் சொன்ன இன்னொரு விஷயம் அப்போது உறைக்கவில்லை. மனவளக்கலையில் முதலில் தீட்சை கொடுப்பது புருவ மத்தியில், ஆக்ஞையில். அங்கே அழுத்தம் அதிகமாகிவிட்டால் சக்தியைக் கீழே மூலாதாரத்துக்கு இறக்கும் பயிற்சி ஒன்று சொல்லித் தருவார்கள். அதன் பெயர் சாந்தி யோகம். 'மேலயே நின்னா மண்ட சூடாயிரும் கண்ணு. கீழ எறங்கத் தெரியோணும். அங்கதான் சாந்தி' என்றார். எங்கள் வகுப்பில் பயத்தின் இடம் என்று சொன்ன அதே இடத்துக்கு இந்த மனிதர் சாந்தி என்று பெயர் சொன்னார்.

*

உடம்பில் மேல், கீழ் என்ற கணக்கு நம் நாட்டில் சும்மா வருவதில்லை. புருஷ சூக்தத்தில் முகத்திலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், பாதத்திலிருந்து ஒருவன். உடம்பை வரைந்து அதில் மனிதர்களை அடுக்குவது நமக்குப் பழகிய கணக்கு. யார் வீட்டில் யார் எந்த டம்ளரில் குடிக்கலாம் என்பதுவரை அந்தக் கணக்கு வரும் என்பது கொங்கு நாட்டில் வளர்ந்த எனக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. சாதி கேட்பது நாகரிகம் இல்லை என்று கற்றுக்கொண்ட ஆபீஸில், 'நீங்க என்ன கலர்?' என்று கேட்பது சுலபமாக இருந்தது. சிவப்பு ஸ்டிக்கர் வாங்கியவர்களை நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். ஆபீஸ் ஸ்டாஃபில் ஒருவர். மிச்சம் எல்லாம் செக்ஷன் ஆட்கள். வாடகைக்குப் பயப்படுகிறீர்களா என்று கேட்கும் தாள் வேறு எதைக் காட்டும்? அது சம்பளப் பட்டியலை அளந்து ஆளுமை என்று பெயர் எழுதியது.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. பயம் பயம்தானே, அது ஏழைக்கு வந்தால் மட்டும் புனிதமாகிவிடுமா? பணத்தையே நினைத்துக்கொண்டிருப்பவரால் பெரியதாக யோசிக்க முடியாது என்பது நியாயம்தானே? இதை நான் என்னிடமே பல தடவை கேட்டுப் பார்த்தேன். பயம் மனிதனைச் சுருக்கும், உண்மைதான். ஆனால் அக்காவின் டைரியில் அவர் பயம் மட்டும் இல்லை. இன்னும் பதினோரு பெண்களின் கணக்கு இருந்தது. அவர்களில் இரண்டு பேருக்கு எழுதத் தெரியாது. தன் வாடகைக்குப் பயந்தவர் அந்தப் பயம் வழியாகவே அடுத்தவர் வாடகையைப் பார்த்திருக்கிறார். நாங்கள் தேடிய 'மேலிருந்து பார்க்கும் ஆள்' அவர்தான். அவர் கீழே நின்று பார்த்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வேண்டும் என்று எங்கள் அப்பாரு காலத்திலிருந்து கேட்டார்கள். அறுபது வருஷக் கோரிக்கை. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைத்தார்கள். பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரிநீரை எடுத்து, மேட்டில் இருக்கும் எங்கள் பக்கத்துக் குளம் குட்டைகளுக்கு ஏற்ற வேண்டும். மொத்தம் 1,045 நீர்நிலைகள். தண்ணீர் தானாக மேலே ஏறாது. அதனால் வழியில் நீரேற்று நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். எத்தனை என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு.

முதல் நிலையம் பள்ளத்தில், ஆற்றோரம். அது ஓடினால்தான் மற்ற ஐந்துக்கும் வேலை. அது நின்றால் அன்னூர்ப் பக்கம் ஒரு சொட்டு வராது. அந்த முதல் நிலையத்தைப் பார்த்து, 'இது இன்னும் கீழேயே நிக்குது, வளரல' என்று எந்த இன்ஜினியரும் சொல்ல மாட்டார். மூலாதாரம் என்ற சொல்லுக்கே வேர் போலத் தாங்குவது என்றுதான் பொருள். 'அஸ்திவாரம்ங்க்கா, நெம்ப முக்கியமானது' என்று அக்காவிடம் ஒப்புக்குச் சொன்னேனே, அது சொல்லளவில் உண்மைதான். அதை நான் நம்பாமல் சொன்னேன், ஆறு மாதம் கழித்து அதற்கு எதிராக ஓட்டும் போட்டேன்.

*

சுவாதிஷ்டானத்தில் ஒரு மிருகம் உண்டு. மகரம். முதலை மாதிரி ஒரு நீர்விலங்கு. யுங் தன் 1932 கருத்தரங்கத்தில் அந்த இடத்துக்கு வரும்போது நின்று பேசுகிறார்: மனிதனை விழுங்கும் நீர்ப் பூதம் இது, இதன் வயிற்றுக்குள் போய் வந்தவன்தான் புதிதாகப் பிறக்கிறான் என்று. அவிநாசிக்காரனுக்கு இதைப் படித்தால் உடனே ஊர்க் கதை ஞாபகம் வரும். யுங்கையும் எங்கள் ஊர் முதலையையும் இணைப்பது என் ஆசைதான், கோயிலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரர் சேர நாட்டுக்குப் போகும் வழியில் அவிநாசிக்கு வருகிறார். அன்றைய பெயர் திருப்புக்கொளியூர். ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. விசாரிக்கிறார். ஒரே வயதுடைய இரண்டு பையன்கள், ஐந்து வயதில் குளத்தில் குளிக்கும்போது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பியவனுக்கு இன்று பூணூல் கல்யாணம். விழுங்கப்பட்டவனின் அம்மாவும் அப்பாவும் எதிர்வீட்டில் அழுகிறார்கள். சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை வந்து பையனை உமிழ்கிறது. விழுங்கியபோது இருந்த ஐந்து வயதுப் பிள்ளையாக அவன் வரவில்லை. இடையில் போன வருஷங்களின் வளர்ச்சியோடு வருகிறான்.

சின்ன வயசில் அம்முச்சி மடியில் கேட்டபோது எனக்கு முதலைதான் பெரிசு. இப்போது வேறு இரண்டு விஷயம் பெரிசாகத் தெரிகிறது. ஒன்று, அவர் அழுகிற வீட்டைப் பற்றி விசாரித்தார். மங்கல வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே போயிருக்கலாம். இரண்டாவது, அந்த அதிசயம். உயிரைத் திருப்பித் தருவது மட்டும் இல்லை, போன வருஷங்களையும் சேர்த்துத் திருப்பித் தருவது. மனிதரால் ஆகாதது அதுதான். ஒருவரை ஒரு பெயருக்குள் போட்டு மூடிவிட்டால் உள்ளே அவர் வளர்வது நமக்குத் தெரிவதில்லை. பின்னால் நாம் திருந்தினாலும் அந்த வருஷங்களை எடுத்துக் கொடுக்க நம்மிடம் பதிகம் இல்லை.

*

அக்கா அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டார். வேறு கம்பெனிக்குப் போனார் என்று சொன்னார்கள். நானும் விசாரிக்கவில்லை. போன மாதம் அவிநாசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் அதே டிபன் பை. அவர்தான் முதலில் கூப்பிட்டார்.

'ஏனுங் தம்பி, நல்லா இருக்கறீங்களா?'

இப்போதும் செக்கிங்தான். பொண்ணு காலேஜ் இரண்டாம் வருஷம். கொஞ்ச நேரம் எதை எதையோ பேசினோம். பிறகு நானே சொல்லிவிட்டேன். இன்சார்ஜ் வேலைக்கு அவர் பெயர்தான் முதலில் இருந்தது, வேண்டாம் என்று சொன்னது நான், இன்ன காரணம் சொன்னேன் என்று. மூலாதாரம் என்ற சொல்லை அந்த இடத்தில், கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்றால், 'அட உடுங்க தம்பி, போச்சாது' என்பார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் இரண்டாவதைத்தான் ஆசைப்பட்டேன் போல.

'அந்த வேலைக்கு வாரத்துக்கு எவ்வளவு சேத்தி வந்திருக்கும்?' என்று கேட்டார்.

'தொள்ளாயிரம்ங்க்கா.'

'நீங்க சொல்லி ரெண்டு வருசம் ஆச்சா?'

'ஆச்சுங்க்கா.'

'வருசத்துக்கு அம்பத்திரண்டு வாரம். நூத்தி நாலு.' உதடு அசைந்தது. நான் போனை எடுக்கப் போனேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார். 'தொண்ணூத்தி மூவாயிரத்து அறுநூறு.'

சரியான கணக்கு. அவர் பஸ் வந்தது. 'வர்றனுங்க தம்பி' என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.